பீகோ தீவின் கடலடியில் கேட்ட டிக் டிக் ஓசை

வணக்கம் நண்பர்களே. இப்போது ஒலித்தது சுவர்க் கடிகாரம் என்று நினைத்திருப்பீர்கள். அது, அட்லாண்டிக் பெருங்கடலின் இருண்ட ஆழத்தில் இரை தேடிக்கொண்டிருந்த ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் எழுப்பிய ஒலி. போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில், பீகோ தீவின் லாஜெஸ் என்ற ஊரிலிருந்து படகில் சென்று நானே பதிவு செய்தது. ஊர் திரும்பி நான்கு நாள்களாகிவிட்டன. இன்னும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேமராவைவிட மைக்தான் முக்கியம் என்பது பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றின் இரைச்சலைத் தடுப்பதற்காக மைக்கின் மேல் மாட்டும் ரோம உறை ஒன்றைப் புறப்படுவதற்கு முன் 1,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். என் மைக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்று கடைக்காரர் இரண்டு முறை உறுதி சொன்னார். படகில் ஏறி மாட்டிப் பார்த்தால் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று இருந்தது. ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தேன், கைக்குட்டையைச் சுற்றிப் பார்த்தேன். படகு வேகமெடுத்த கணமே உறை கடலில் பறந்துவிட்டது. படகுச் சீட்டு 70 யூரோ, நம் பணத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய். அதைக் கொடுக்க எனக்குத் துளியும் வலிக்கவில்லை. அந்த 1,200 ரூபாய் இன்றுவரை வலிக்கிறது. அந்த உறை கடலில் குப்பையாகக் கிடப்பதை நினைத்தால் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

இனித் திமிங்கிலத்துக்கு வருவோம். இவ்வளவு பெரிய கடலில் அதைக் கண்டுபிடிப்பவர் படகில் இருப்பவர் அல்லர். கரையில், குன்றின்மேல் ஒரு சிறிய குடிலில் உட்கார்ந்திருப்பவர். அந்தக் காவலரை அங்கே ‘விஜியா’ என்கிறார்கள். குடிலுக்கும் அதுவே பெயர். கடலைப் பார்த்த சுவரில் குறுக்காக ஒரு நீண்ட திறப்பு, அதன் பின்னால் முக்காலியில் பொருத்திய பெரிய தொலைநோக்கி, பக்கத்தில் வயர்லெஸ் கருவி, அவ்வளவுதான். திறப்பின் கீழ்ப்பலகையில் முழங்கை ஊன்றும் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்ததைக் கண்டேன். திமிங்கில வேட்டை நடந்த காலத்தில் இத்தகைய குடில்களிலிருந்துதான் வாணம் விட்டு ஊரை அழைத்திருக்கிறார்கள். ஆண்கள் கைவேலையைப் போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடி, கையால் எறியும் ஈட்டியோடு கடலில் இறங்கியிருக்கிறார்கள். தொழிலாக நடந்த வேட்டை 1984இல் நின்றது. கடைசித் திமிங்கிலம் கொல்லப்பட்டது 1987இல், இதே லாஜெஸ் கடலில்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அதைச் சொல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்தபடியே திமிங்கிலத்தை எப்படிக் காண முடிகிறது என்பது புரியாது. அசோர்ஸ் தீவுகள் எரிமலைகளின் தலைகள். பீகோவின் மலை கடல் மட்டத்திலிருந்து 2,351 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதே செங்குத்தில் நீருக்குள்ளும் இறங்குகிறது. கண்டங்களின் ஓரத்தில் உள்ளதைப் போன்ற அகலமான ஆழமற்ற திட்டு இங்கே இல்லாததால், கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஆழ்கடல் கணவாயைத் தின்று வாழும் விலங்குக்கு வீட்டு வாசலிலேயே சோறு.

விஜியா வயர்லெஸ்ஸில் சொன்ன திசையில் போனபோது, வழிகாட்டி வாய் திறப்பதற்கு முன்பே நான் அதைப் பார்த்துவிட்டேன். இதை என் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பேன். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத் துளை தலையின் நுனியில் இடப்பக்கமாக இருப்பதால், மூச்சு நேராக மேலெழாமல் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து பீறிடும். அந்தச் சாய்வை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாம். தோல் வழுவழுப்பாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். நெல்லிவற்றலைப் போலச் சுருங்கியிருந்தது. எட்டு, பத்து நிமிடங்கள் மூச்சு வாங்கியபின் முதுகை வளைத்தது, வால் முழுதாக எழுந்தது, சத்தமே இல்லாமல் இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் எண்ணெய் ஊற்றினாற்போல ஓர் அமைதியான வட்டம் மட்டும் மிதந்தது.

அதன்பின் படகோட்டி எஞ்சினை நிறுத்தி, ஹைட்ரோபோன் என்னும் நீரடி மைக்கைக் கடலில் இறக்கினார். ஒலிபெருக்கியில் முதலில் வெறும் இரைச்சல். பிறகு ‘டிக், டிக், டிக்’ என்று சீராக, நொடிக்கு ஒன்றிரண்டு. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அந்த ஒலி பட்டுத் திரும்புவதைக் கொண்டே அது இரையை அறிகிறது. திடீரென்று டிக்குகள் நெருங்கி நெருங்கி, துருப்பிடித்த கதவு திறப்பதைப் போன்ற ஒரே கீச்சொலியாக மாறின; பிறகு மௌனம். இரையை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ரெக்கார்டரை என் மழைச்சட்டைக்குள் வைத்து ஒலிபெருக்கியோடு அணைத்துப் பிடித்தேன். உறை போனாலும் 11 நிமிடங்கள் தெளிவாகக் கிடைத்தன! முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு டிக் ஓசை நின்றதும், மேலே வருகிறது என்று படகோட்டி கை காட்டினார். சற்று நேரத்தில் வந்தது.

சென்ற அம்பர்கிரிஸ் வீடியோவின் கீழே பலர் ‘திமிங்கில வாந்தி’ என்றே எழுதியிருந்தீர்கள். செய்தித்தாள்கள் பரப்பிய அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அம்பர்கிரிஸ் என்பது இந்த விலங்கின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாகும் பொருள். திமிங்கிலங்களோடு நீந்தினாயா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு அதற்கு அனுமதி இல்லை, படகும் 50 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். அனுமதி இருந்தாலும் நான் குதித்திருக்க மாட்டேன். இரண்டு முழுக்குகளுக்கு நடுவே மூச்சு வாங்க அதற்குக் கிடைப்பதே அந்தப் பத்து நிமிடங்கள்தான். அதில் கை வைக்க நாம் யார்?

வால் எழும் ஒவ்வொரு முறையும் வழிகாட்டி அதன் அடிப்புறத்தைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். ஓரத்தில் உள்ள வெட்டுகளும் பிசிறுகளும் ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் வேறுபடும்; அதை வைத்தே இது எந்தத் திமிங்கிலம் என்று சொல்லிவிடலாம். பெண்களும் குட்டிகளும் இந்த மாதிரி வெப்பமான கடல்களில் குடும்பமாக வாழ, வளர்ந்த ஆண்கள் வடக்கே குளிர்கடலுக்குப் போய்விடுகின்றன. இங்கே எடுத்த வால் படங்களில் சில நார்வேயில் எடுத்த படங்களோடு பொருந்தியிருக்கின்றன. நாங்கள் கண்ட திமிங்கிலத்தின் வால் இடது மடலில் பிறைபோல ஒரு வெட்டு இருந்தது. அந்தப் படத்தையும், வெட்டாமல் கோக்காமல் அந்த 11 நிமிட ஒலியையும் இன்றிரவு தனியாக ஏற்றுகிறேன். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கீச்சொலி ஏழாவது நிமிடத்தில் வரும்.