ஜான் ப்ராக்டர்: மேடையில் ஒருவர், கடிதத்தில் வேறொருவர்

வணக்கம் நண்பர்களே. நாடகத்தில் ஒரு பாத்திரத்தை எப்படி அலசுவது, மையக்கருத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாணவர்கள் பலர் கேட்கிறீர்கள். பொதுவாகப் பேசிப் பயனில்லை. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் நாயகன்தான் ஜான் ப்ராக்டர். 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சேலத்தில் நடந்த சூனிய வழக்குகள்தான் களம். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். நாடகம் மேடையேறியது 1953இல். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களை விசாரணைக் குழுவின் முன் நிறுத்தி, கூட இருந்தவர்களின் பெயரைச் சொல்லும்படி நெருக்கிய காலம் அது.

மையக்கருத்து என்ன என்று கேட்டால் ‘சூனிய வேட்டை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வெறும் பேசுபொருள். அதைப் பற்றி நாடகம் என்ன சொல்கிறது என்பதே மையக்கருத்து; அதை முழு வாக்கியமாகத்தான் எழுத முடியும். பாத்திரமும் அப்படித்தான். ‘ப்ராக்டர் நேர்மையானவர், முன்கோபி’ என்று அடைமொழிகளை அடுக்காதீர்கள். கழுத்துக்குக் கத்தி வரும்போது அவர் எதைச் செய்கிறார், எதைச் செய்ய மறுக்கிறார் என்று பாருங்கள்.

மூன்றாம் அங்கத்துக்கு வாருங்கள். ஊரார்மேல் சூனியக் குற்றம் சுமத்தும் இளம்பெண் அபிகெயில் பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்க, அவளோடு தனக்கிருந்த தகாத உறவை ப்ராக்டர் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொள்கிறார். என் மனைவி பொய்யே சொல்ல மாட்டாள், அவளைக் கேளுங்கள் என்கிறார். எலிசபெத்தை அழைத்து வருகிறார்கள். கணவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது உத்தரவு. முகத்தைப் பார்த்து எதையும் அறிய அவளுக்கு வழியில்லை. உன் கணவன் தவறு செய்தானா என்று நீதிபதி கேட்கிறார். கணவரின் மானத்தைக் காக்க, வாழ்நாளில் பொய் சொல்லாதவள் ‘இல்லை’ என்கிறாள். ப்ராக்டர் சொன்னதுதான் பொய் என்றாகிவிடுகிறது; அந்த ஒரு சொல் அவரைக் கவிழ்த்துவிடுகிறது. எலிசபெத் யார் என்று எழுத இந்த ஓர் இடம் போதும். எனக்கு நாடகத்திலேயே மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

கடைசி அங்கத்தில் ப்ராக்டருக்குத் தூக்கு காத்திருக்கிறது; சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டால் உயிர் தப்பலாம். உயிருக்காகப் பொய் வாக்குமூலத்தில் கையெழுத்திடுகிறார். ஆனால் மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுக்கிறார். ஊரறியத் தேவாலயக் கதவில் ஆணி அடித்து மாட்டுவார்கள் என்பதால் அந்தத் தாளையும் கொடுக்க மறுத்துக் கிழிக்கிறார். தன் பெயரை விற்று வாழும் வாழ்வு வேண்டாம் என்பது அவர் முடிவு. இங்கே மையக்கருத்து தானாகவே கைக்கு வருகிறது: பொய் சொல்லி உயிர் பிழைப்பதைவிட, தன் பெயரைக் காத்துச் சாவதே மேல்.

இனி வரலாற்று ஆவணத்துக்கு வருவோம். உண்மையான ப்ராக்டர் அறுபதை எட்டியவர். அபிகெயில் 11 அல்லது 12 வயதுச் சிறுமி. அந்த உறவு மில்லரின் கற்பனை. உண்மையான ப்ராக்டர் 1692 ஜூலை 23 அன்று சிறையிலிருந்து பாஸ்டன் போதகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் மகனின் கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கிலிருந்து ரத்தம் வரும்வரை வதைத்ததை அதில் சொல்கிறார். சொத்துகளைப் பறித்துக்கொண்டதைச் சொல்கிறார். பிறகு, வழக்கை பாஸ்டனுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் நீதிபதிகளையாவது மாற்றுங்கள் என்று கேட்கிறார்.

அபுனைவு எழுத்தில், அதாவது கற்பனை அல்லாத எழுத்தில், நான் முதலில் தேடுவது இதைத்தான்: எழுதியவர் யாரிடம் என்ன கேட்கிறார்? இந்தக் கடிதம் மானத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தீர்ப்பை முன்பே முடிவுசெய்துவிட்ட நீதிமன்றத்தில் நிரபராதிக்கு வழியில்லை என்பதே அதன் மையக்கருத்து. நாடகத்துக்கு எழுதிய வாக்கியத்தை இதன்மேல் ஒட்டவைத்தால் ஒட்டாது. பெயர் ஒன்று, காலம் ஒன்று, வழக்கும் ஒன்று, கருத்துகள் இரண்டு.

கடிதம் நெடுகிலும் ‘நாங்கள்’ என்றே வருவதையும் கவனியுங்கள். மேடையில் ப்ராக்டர் தன் மனசாட்சியோடு தனியாகப் போராடுகிறார். கடிதத்தில் உடன் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கும் சேர்த்து மன்றாடுகிறார். ஆகஸ்ட் 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த நீதிமன்றத்தை ஆளுநர் கலைத்தது அக்டோபரில்தான்.