பணம் எந்த வாசலில் இறங்குகிறது?

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, செவிலியர் பயிற்சி பெறும் தங்கைகளே, தம்பிகளே, வணக்கம்.

மருத்துவர் இல்லாத ஊர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் பதில் ஒன்றுதான்: “இன்னும் நாலு மருத்துவக் கல்லூரி திறங்கள்.” திறக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. பயிற்சிக்கென்று அரசு ஒதுக்கும் பணம் எந்த வாசலில் போய் இறங்குகிறது என்பதுதான் என் கேள்வி. பணம் இறங்கும் இடத்தில்தான் பயிற்சி நடக்கிறது. பயின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வேலைக்கு அமர்பவர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவில் 1965-இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வந்தது முதல், இளம் மருத்துவர்களின் மேற்பயிற்சிக்கான அரசுப் பணத்தில் பெரும்பகுதி மருத்துவமனைகள் வழியாகவே போனது. பெரிய மருத்துவமனைகள் நகரத்தில் இருக்கின்றன. மருத்துவர்களும் அங்கேயே தங்கினார்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் சமுதாய மருத்துவ நிலையங்களுக்கே நேரடியாகப் பணம் கொடுத்து அங்கே பயிற்சி நடத்த வழி செய்தார்கள். ஐந்தாண்டுக்கு 23 கோடி டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி! ஆனாலும் வாசல் சரியான வாசல்.

ஜப்பானில் 1972-இல் 47 மாகாணங்களும் சேர்ந்து ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கின. மாகாணம் தன் பிள்ளையைத் தேர்ந்து அனுப்பும். படிப்புச் செலவு கடன். ஊருக்குத் திரும்பி, சொல்லும் இடத்தில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தால் கடன் தள்ளுபடி. இப்படி ஊர்ப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்காமல், வெறும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஓடினால் அபராதம் என்று மிரட்டும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. வசதியுள்ளவர் கட்டிவிட்டுப் போய்விடுவார். வசதியில்லாதவர் மட்டும் மாட்டிக்கொள்வார்.

பிலிப்பைன்ஸின் லேய்ட்டே தீவில் 1976-இல் தொடங்கிய சுகாதாரக் கல்விப் பள்ளி இன்னும் துணிச்சலானது. ஊரார் பரிந்துரைக்கும் பிள்ளை முதலில் மருத்துவச்சியாகப் பயில்வாள். ஊரில் வேலை பார்ப்பாள். பிறகு செவிலியர், பிறகு மருத்துவர் என்று படியேறுவாள்.

சிற்றூரில் பயில்வதால் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? குழந்தை பிறந்துவிட்டது, அழவில்லை. ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். பெரிய மருத்துவமனையில் பழகியவர் திரும்பி “டாக்டர்!” என்பார், யாராவது ஓடிவருவார்கள். துணை சுகாதார நிலையத்தில் திரும்பினால் சுவர்தான். துடைக்க வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் முகமூடியை மூக்கும் வாயும் மூடப் பொருத்தி, அதனோடு இணைந்த காற்றுப் பையை அமுக்க வேண்டும். விளிம்பில் காற்றுக் கசிந்தால் மார்பு எழும்பாது. அந்தக் கசிவை விரல் உணர்வதற்கு, பக்கத்தில் ஓர் அனுபவசாலி அக்கா நின்று கையைப் பிடித்துச் சரிசெய்திருக்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு வாசலில் நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர் கற்பிக்கும் இரண்டு மணி நேரம் அந்த வரிசையை யார் பார்ப்பது? அதற்கு இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பயில வந்த பெண் இரவில் எங்கே படுப்பாள்?

ஒதுக்கீட்டு அறிக்கையில் கட்டடத்துக்கு ஒரு தலைப்பு இருக்கும், கருவிகளுக்கு ஒரு தலைப்பு இருக்கும். அக்காவின் அந்த இரண்டு மணி நேரமும், அந்தப் பெண்ணின் அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் எந்தத் தலைப்பில் வருகின்றன என்று பக்கம் பக்கமாகத் தேடிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.