முதல் மாதம் வார்தான்

நேயர்களுக்கு வணக்கம். மல்லாவியில் சலூன் வைத்திருக்கிறேன். இப்போது பொடியன்கள் சிலர் கடைக்கு வந்து, "அண்ணை, பழைய மடக்குக் கத்தியில நாங்களே சேவ் எடுக்கப் பழக வேணும்" என்று கேட்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோசம். ஆனால் எல்லாரும் முகத்தில் இருந்து தொடங்கப் பார்க்கிறார்கள். நான் தோல்வாரில், அதாவது கத்தியின் வாயைத் தீட்டும் தோல் பட்டியில் இருந்து தொடங்கச் சொல்கிறேன்.

சலூனில் நாங்கள் பாவிப்பது பிளேட்டைப் பாதியாக முறித்துக் கொழுவும் கத்தி, ஆளுக்கொரு புது பிளேட். மடக்குக் கத்தி அப்படியல்ல. அலகு முழுக்க ஒரே உருக்கு, இரண்டு பக்கமும் குழிவாகத் தேய்த்திருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் இதற்குப் பேர்போன ஊர்கள். அப்பாவிடம் இருந்தது ஷெஃபீல்ட் கத்தி. 1904இல் அமெரிக்காவில் ஜில்லெட் மாற்றிப் போடும் பிளேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு வீடுகளில் இந்தக் கத்தி மெல்ல மெல்ல அருகியது. பழகுகிறவருக்கு அலகின் அகலம் 5/8 அங்குலம் போதும்.

வாரின் ஒரு தலைப்பை யன்னல் கம்பியில் கொழுவி, மற்றத் தலைப்பை இறுக்கி இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் கத்தியின் வாய் மழுங்கிப் போகும். கத்தியை வாரில் படுக்க வைத்து இழுக்கும்போது அதன் முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர வேண்டும். தலைப்பு வந்ததும் முதுகின் மேல் புரட்டுங்கள். வாயின் மேல் புரட்டினால் வார் வெட்டுப்படும். என்னுடைய முதல் வாரில் அப்படி ஏழு வெட்டு. அமத்தத் தேவையில்லை, கத்தியின் பாரமே காணும். போய்த் திரும்புவது ஒன்று என்று எண்ணி முப்பது தடவை. அப்பா எனக்கு முதல் மாதம் வார் மட்டும்தான் தந்தார். அடுத்தது பலூன். அதில் நுரை பூசி, வெடிக்காமல் வழித்துக் காட்டிய பிறகுதான் முகம்.

முகத்தைச் சுடுதண்ணியில் கழுவி, ஈரத் துவாயை ஒற்றி மயிரை இளக விடுங்கள். வன்னியில் கன கிணறுகளின் தண்ணி கடினமானது, சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து நிற்கும். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணியைச் சுட வைத்துப் பாருங்கள், நுரை கட்டித் தயிர் மாதிரி நிற்கும்.

முதல் இரண்டு கிழமையும் சொக்கை மட்டும். மற்ற இடங்களை வழமையான ரேசரால் எடுங்கள். ஒரு கையால் காதடித் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியைப் படுக்க வைத்து, முதுகை 30 பாகை அளவுக்கு உயர்த்தி, மயிர் வளரும் பக்கமாக ஆறுதலாக இறக்குங்கள். கத்தி தன் நீளவாக்கில் ஒரு நூல் சறுக்கினாலும் வெட்டும். பதினாறு வயதில் நான் நாடியை வழித்துக்கொண்டிருக்க அம்மா கூப்பிட்டா. "ஓம்" என்று திரும்பினேன். அந்தத் தழும்பில் இன்றைக்கும் மயிர் முளைப்பதில்லை. சின்னக் கீறலுக்குப் படிகாரத்தை நனைத்து ஒற்றினால் இரத்தம் நிற்கும். நாடியும் மேலுதடும் கடைசிப் பாடம்.

உங்கள் கத்தி உங்கள் முகத்துக்கு மட்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் மாறிப் பாவிக்க வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி கிருமி பரவக் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் போதும்.

வழித்து முடிந்ததும் கத்தியைத் துடைத்து, நன்றாகக் காய விட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். 2008இல் சண்டையால் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது அப்பா தன் கத்தியைப் பால்மா ரின்னுக்குள் போட்டுக் கொண்டுவந்தார். இடம் மாறி மாறிப் போனதில் மழை நனைத்தது, எண்ணெய் பூச ஒருவருக்கும் நினைவில்லை. முகாமால் வந்து திறந்தால் வாய் நெடுகத் துருப்புள்ளி. கல்லில் எவ்வளவோ தீட்டிப் பார்த்தோம். துரு உருக்குக்குள் இறங்கியிருந்தது, தீட்டத் தீட்ட வாய் பொடிந்தது.

அப்பா அதை எறிய விடவில்லை. கடை லாச்சிக்குள் இருக்கிறது. பழக வரும் பொடியன்கள் மூன்று விரலை அலகின் கழுத்தில் வைத்து, சின்னி விரலை வாலில் ஊன்றிப் பிடிக்கப் பழகுவது அந்தக் கத்தியில்தான்.