பாட்டி முறிச்ச நெட்டி

நேயர்களுக்கு வணக்கம்ங்க. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட், இருபது வருஷமா மத்தவங்க கை காலப் புடிச்சு மடக்கி நீட்டுறதுதான் பொழப்பு. மூட்டு பத்திப் பேசுங்கன்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க பாட்டிதான். புதுச்சட்ட போட்டுட்டுப் போய் நின்னா ரெண்டு கன்னத்தையும் வழிச்சு, தன் நெத்திப் பொட்டுல விரல வச்சு ஒரு அழுத்து, படபடன்னு நெட்டி முறியும். "எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாரு"ன்னு சொல்லுவாங்க. இன்னொருக்கா செய்யி பாட்டின்னு கேட்டா சத்தமே வராது, சரி திருஷ்டி எல்லாம் போயிருச்சு போலன்னு நானும் நம்பிட்டேன்.

விஷயம் வேற. விரல் மூட்டுல எலும்பும் எலும்பும் நேரா முட்டிக்கிட்டு நிக்கல, ரெண்டு முனையிலயும் குருத்தெலும்பு, சுத்தி ஒரு பை, பைக்குள்ள முட்டை வெள்ளக்கரு மாதிரி வழவழன்னு கொஞ்சம் திரவம். நெட்டி முறிக்கும்போது எலும்பு சட்டுனு விலகுது, உள்ள அழுத்தம் குறையுது, திரவத்துல கரைஞ்சு கெடந்த வாயு குமிழா வந்துருது, சோடா மூடியத் தொறந்தா வருமே அதே கதை. சத்தம் குமிழ் உருவாகும்போதா உடையும்போதான்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. 1947ல லண்டன்ல உருவாகும்போதுன்னாங்க, 1971ல லீட்ஸ்ல இல்ல இல்ல உடையும்போதுதான்னாங்க, 2015ல கனடாவுல எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள விரல வச்சு இழுத்துப் படம் புடிச்சுப் பாத்தா சத்தம் வந்தப்புறமும் அந்தக் குமிழ் உடையாம அங்கயே இருக்கு. அது அடங்கி மறுபடி நெட்டி வர ஒரு இருபது நிமிஷம் ஆகும். பாட்டிக்கு ரெண்டாவது தடவ வராம போனது இதனாலதான்.

என்கிட்ட வர்றவங்க அதிகமா கேக்குறது, "சார், முட்டில கிரீஸ் காலியாயிருச்சா?" நல்லா இருக்குற முழங்கால்லயே அந்தத் திரவம் ஒரு டீஸ்பூன் தேறாதுங்க. இன்னொன்னு, குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கெடையாது, சாப்பாடு முக்கால்வாசி அந்தத் திரவத்துல இருந்துதான். நடக்கும்போது அமுங்கும், காலத் தூக்குனா விரியும், ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கும். அதனால டயர் மாதிரி ஓடுனா தேஞ்சிரும்னு பயந்து சேர்லயே உக்காந்திருக்கவங்களப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும், பட்டினி போட்டுட்டுத் தேய்மானம் தேய்மானம்னு பொலம்புறது. அதுக்காக வீங்கி, சூடா, வலியோட சத்தம் வந்தா அதையும் நெட்டின்னு விட்றாதீங்க, போய்க் காட்டுங்க.

முட்டியக் கதவுக் கீல் மாதிரின்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். முழுசா அப்படி இல்ல. இப்ப உக்காந்திருந்தீங்கன்னா முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்குற எலும்பு மேட்டுல ஒரு விரல வச்சுக்கிட்டு கால மெதுவா நீட்டுங்க... மெதுவா... கடைசியா முழுசா நேராகும்போது அந்த மேடு லேசா வெளிப்பக்கம் திரும்புது பாருங்க. ஸ்க்ரூவ முறுக்கி டைட் பண்ற மாதிரி முட்டி தன்னைத்தானே பூட்டிக்குது, ரேஷன் கடை கியூவுல அவ்வளவு நேரம் நின்னும் தொடை சோர்ந்து போகாம இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். மடக்க ஆரம்பிக்கும்போது முட்டிக்குப் பின்னாடி ஒரு குட்டித் தசை அந்தப் பூட்டத் தொறந்து விடும்.

மறுபடி நெட்டிக்கே வர்றேன். அமெரிக்காவுல டொனால்ட் அங்கர்னு ஒரு டாக்டர், விரல முறிச்சா மூட்டுவாதம் வரும்னு அவரோட அம்மா, சித்தி, பெரியம்மா, பின்னாடி மாமியார் வரைக்கும் சொல்லிருக்காங்க. மனுஷன் அம்பது வருஷம் இடது கைல மட்டும் தினம் ரெண்டு தடவையாவது முறிச்சுட்டு, வலது கைய அனேகமா சும்மா விட்டுட்டு, 1998ல ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதுனாரு, ரெண்டு கைலயும் மூட்டுவாதம் இல்லன்னு. ஒரே ஆளு, ரெண்டே கை, இத வச்சு ஊருக்கே தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனாலும் 2009ல இக் நோபல் பரிசு குடுத்தாங்க, சிரிக்கவும் வைக்கணும் யோசிக்கவும் வைக்கணும்னு குடுக்குற பரிசு அது. அந்தக் கடிதத்துலயே, அப்போ கீரை சாப்பிடச் சொன்னதும் தப்பா இருக்குமோன்னு ஒரு சந்தேகத்த வேற கெளப்பியிருக்காரு. எங்க அம்மா இத வீட்ல கேட்டுட்டு இருக்காங்க, அதனால கீரை பத்தி நான் எதுவும் சொல்லல. வணக்கம்ங்க.