எரிமலை வீடியோவில் சேறு எங்கே?

[காட்சி: சிசிடிவி பதிவு. ஒரு இரும்பு கேட், அதற்குப் பின்னால் கான்கிரீட் பாதை. இசை வேண்டாம்.]

இந்தப் பதிவைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் வந்தபோது, சூரிய மின் நிலையம் ஒன்றின் வாசலில் இருந்த கேமராவில் பதிவானது இது. முதலில் எல்லாம் ஆடுகிறது, கேட் தானாக நகர்கிறது, நம் கண்ணும் அந்தக் கேட்டிலேயே நின்றுவிடுகிறது. அப்புறம்தான் முக்கியமானது நடக்கிறது. பாதையின் குறுக்கே ஒரு கோடு விழுகிறது, கோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தரை, மேலே இருக்கிற எல்லாவற்றோடும் சேர்ந்து, பக்கவாட்டில் சறுக்கிப் போய் நின்றுவிடுகிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுவது சாதாரணம், திரும்பப் பார்த்தால்தான் பிடிபடும்.

[காட்சி: அதே பதிவு, மெதுவாக. திரையில் எழுத்து: "வேகம் குறைக்கப்பட்டுள்ளது".]

கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பதிவை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து அளந்தார்கள். தரை நகர்ந்தது 2.5 மீட்டர், அதற்கு ஆன நேரம் 1.3 வினாடி, உச்ச வேகம் வினாடிக்கு 3.2 மீட்டர். அதுவும் நேர்கோட்டில் போகவில்லை, லேசாக வளைந்து போயிருக்கிறது. பழைய நிலநடுக்கங்கள் பாறையில் விட்டுப்போன கீறல்களில் இந்த வளைவை நிலவியலாளர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள், ஆனால் நடக்கும்போதே பார்ப்பதற்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது இங்கேதான். யாரும் படம் எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுத்ததுகூட இல்லை இது.

சரி, இப்போது சினிமாவில் நிலநடுக்கம் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். பூமி இரண்டாகப் பிளக்கும், அடியே தெரியாத பள்ளம் வாயைத் திறக்கும், காரும் ஆளும் உள்ளே விழுவார்கள். உண்மையில் நிலநடுக்கம் வருவதே இரண்டு பாறைப் பக்கங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உராய்வதால்தான். அழுத்தம் சேர்ந்துகொண்டே போய், உராய்வு தாங்காத நேரத்தில் சட்டென்று வழுக்குகிறது. மேலே மண்ணில் வெடிப்புகள் வரும், சரிவுகள் சரியும், அதெல்லாம் உண்டு. ஆனால் ஊரையே விழுங்குகிற பள்ளம் என்பது திரைக்கதைக்காக வந்தது. பார்ப்பவர் பயப்பட வேண்டியது தலைக்கு மேலே இருக்கிற கூரைக்கும் சுவருக்கும். படமோ அவரைக் காலுக்குக் கீழே பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறது.

இந்த வீடியோ முழுக்க நான் சொல்ல வருவது இந்த ஒரு விஷயம்தான். பூமியைப் பற்றிப் படம் எடுக்கிறீர்களா, அந்த இடத்தில் நிற்கிற ஆளின் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதைக் காட்டுங்கள். அப்படிக் காட்டிய படம் நிஜமாகவே உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

[காட்சி: பனி மூடிய மலை உச்சி. மெதுவாக ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கேமரா இறங்குகிறது.]

கொலம்பியா, நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை. 1985 நவம்பர் 13 இரவு வெடித்தது, எரிமலைக் கணக்கில் பார்த்தால் பெரிய வெடிப்பே இல்லை. ஆனால் உச்சியில் பனியும் பனிப்பாறையும் இருந்தன. சூடான சாம்பலும் கல்லும் அதன்மேல் விழுந்து உருக்க, உருகிய தண்ணீர் மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு ஆற்று வழியே இறங்கியது. லஹார் என்பார்கள் இதை. ஈர சிமென்ட் கலவை மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் ஆற்று வெள்ளத்தைவிட வேகமாக வரும். ஆர்மேரோ என்ற ஊரை அது எட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. எழுந்து பக்கத்து மேட்டில் ஏறி நிற்பதற்கு அந்த நேரம் போதும். மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்த ஒரே ஊரில்.

என்னை இதில் உறுத்துவது என்னவென்றால், எந்தப் பகுதிக்குச் சேறு வரும் என்று காட்டும் அபாய வரைபடம் அதற்கு முந்தைய மாதமே தயாராக இருந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. வரைபடத்தில் நிறம் தீட்டிய ஒரு பட்டை, தன் வீட்டு வாசலில் எப்படி வந்து நிற்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் யாரும் காட்டவில்லை. எரிமலை என்றதும் அவர்கள் மனதில் என்ன படம் ஓடியிருக்கும்? நம் மனதில் ஓடுகிற அதே படம்தானே, சிவப்பாக ஓடும் லாவா. அது ஆற்று வழியில் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊருக்கு எங்கே வரப்போகிறது என்று நினைப்பது இயல்பு.

[காட்சி: ஒரு ஆணும் பெண்ணும், எரிமலை விளிம்பில் திரைப்படக் கேமராவோடு.]

காத்யா க்ராஃப்ட், மோரிஸ் க்ராஃப்ட். பிரான்ஸைச் சேர்ந்த எரிமலை ஆய்வாளர்கள், கணவன் மனைவி. உலகத்தில் எங்கே எரிமலை வெடித்தாலும் கேமராவோடு போய் நிற்பவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். லாவாவை அவர்கள் அளவுக்கு நெருங்கிப் படம் பிடித்தவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர்கள் ஆர்மேரோவுக்குப் பிறகு தங்கள் கேமராவை அழகில் இருந்து ஆபத்துக்குத் திருப்பினார்கள். எரிமலை எத்தனை விதமாக ஆளைக் கொல்லும் என்று மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் காட்ட ஒரு வீடியோ தயாரித்தார்கள். சாம்பல் மழை, சேற்றுப் பாய்ச்சல், நிலச்சரிவு, விஷவாயு, எல்லாவற்றையும்விட மோசமான பைரோகிளாஸ்டிக் பாய்ச்சல், அதாவது நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில், மலைச்சரிவில் காரைவிட வேகமாக உருண்டு வரும் சாம்பல், வாயு, கல் கலந்த மேகம். ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து எப்படித் தெரியும், போன பிறகு ஊர் எப்படி இருக்கும் என்று காட்டினார்கள். இறந்தவர்களையும் காட்டினார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், கஷ்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

1991 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் பினதுபோ மலையில் நீராவி வெடிப்புகள் தொடங்கின. சுமார் 500 ஆண்டுகள் அடங்கிக் கிடந்த மலை அது, சுற்றிலும் இருந்த பலருக்கு அது எரிமலை என்பதே தெரியாது. விஞ்ஞானிகள் எவ்வளவு விளக்கியும் பலர் நம்பத் தயங்கியபோது, அந்த வீடியோவின் முழுமையடையாத பதிப்பை எடுத்துக்கொண்டு போய் அதிகாரிகளுக்கும், ராணுவத் தளத்தில் இருந்தவர்களுக்கும், ஊர் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். எத்தனையோ அறிக்கைகள் சொல்லிப் புரியாதது, அந்தச் சாம்பல் மேகம் மரங்களைத் தாண்டி உருண்டு வருவதைப் பார்த்ததும் புரிந்தது. ஜூன் 15 அன்று இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு நடந்தபோது பல்லாயிரம் பேர் வெளியேறியிருந்தார்கள். சில நூறு பேர் இறந்தார்கள், அதில் பெரும்பகுதி, அதே நேரத்தில் வந்த புயல் மழையில் சாம்பல் நனைந்து பாரமாகிக் கூரைகள் இடிந்ததால். கண்காணிப்பும் எச்சரிக்கையும் சேர்ந்து குறைந்தது 5,000 உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்பது அமெரிக்க நிலவியல் துறையின் மதிப்பீடு. அந்த எச்சரிக்கையை மக்கள் நம்ப வைத்தவற்றில் ஒன்று இந்தப் படம்.

க்ராஃப்ட் தம்பதி அதைப் பார்க்கவில்லை. ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில், தாங்கள் எச்சரித்த அதே பைரோகிளாஸ்டிக் பாய்ச்சலில் இறந்துவிட்டார்கள். அன்று அங்கே இறந்தவர்கள் 43 பேர். அதில் கணிசமானோர் நல்ல காட்சி கிடைக்கும் என்று மக்களை வெளியேறச் சொல்லியிருந்த பகுதிக்குள் நின்ற பத்திரிகையாளர்கள், அவர்களை அழைத்துவந்த வாடகைக் கார் ஓட்டுநர்கள், அங்கே காவலுக்கு இருந்த தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். இதை ஊடகத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் தேடிப்போகும் ஷாட்டுக்கு விலை கொடுப்பது எப்போதும் நாம் மட்டும் இல்லை.

[காட்சி: பூமியின் வெட்டுத் தோற்றம், அனிமேஷன். உள்ளே தகதகவென்று சிவப்பு.]

இப்போது அனிமேஷனுக்கு வருவோம். இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். இதிலும் இது மாதிரி அனிமேஷன்களிலும் மூன்று தப்பு இருக்கிறது. மேலோட்டுக்குக் கீழே இருக்கிற மேன்டில் லாவாக் கடல் மாதிரி குழம்பிக்கொண்டிருக்கிறது, ஆனால் மேன்டில் கிட்டத்தட்ட முழுக்கத் திடமான பாறை. சூட்டிலும் அழுத்தத்திலும் மிக மிக மெதுவாக இளகி நகரும், அவ்வளவுதான். சில இடங்களில், சில காரணங்களால் கொஞ்சம் உருகுகிறது, அதுதான் எரிமலையாக மேலே வருகிறது. எல்லாம் சிவப்பாக இருந்தால் எரிமலை ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்ற நல்ல கேள்வியே பார்ப்பவருக்குத் தோன்றாமல் போய்விடும்.

அடுத்து அளவு. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். திரையில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பூமியை வரைந்தால், கடலடி மேலோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், கண்டங்களின் மேலோடு சராசரியாகச் சுமார் மூன்று மில்லிமீட்டர். அனிமேஷனில் தடிமனான தோல் மாதிரி வரைகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான், அது எனக்கும் புரிகிறது. ஓரத்தில் "மேலோடு பெரிதாக்கிக் காட்டப்பட்டுள்ளது" என்று ஒரு வரி போட்டால் போதும், யாரும் போடுவதில்லை.

[காட்சி: கண்டங்கள் பிரிந்து நகரும் அனிமேஷன். மூலையில் ஒரு கடிகாரம்.]

காலம்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஒன்றாக இருந்த கண்டங்கள் பிரியத் தொடங்கி சுமார் 20 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதை 20 வினாடியில் ஓட்டினால் ஒரு வினாடிக்கு ஒரு கோடி ஆண்டு. வீடியோவில் வினாடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஃபிரேமுக்கு 4 லட்சம் ஆண்டு. நம் மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதாவது நாம் எல்லோரும், நம் மொத்த வரலாறும், கடைசி ஃபிரேமுக்குள் அடங்கி இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது. ஆனால் பார்க்கிறவருக்கோ கண்டங்கள் கப்பல் மாதிரி மிதந்து போவதாகத் தோன்றும். உண்மையில் புவித்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. எப்போதெல்லாம் வேகத்தை மாற்றுகிறோமோ அப்போதெல்லாம் கடிகாரத்தைத் திரையில் வைக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேமரா விஞ்ஞானிகளையும் மாற்றியிருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப், அட்லாண்டிக் கடலடி அளவீடுகளைக் கையால் வரைந்துகொண்டிருந்தபோது நடுக்கடல் மலைத்தொடரின் நடுவே, கடல்தரை விலகிப் பிரிகிறது என்பதற்கு அடையாளமான ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைக் கண்டார். பலர் நம்பவில்லை. நம்பாதவர்களில் ஒருவரான, கடலுக்கடியில் படம் எடுப்பதில் பெயர்பெற்ற பிரெஞ்சுக்காரர் ழாக் கூஸ்தோ, அது இல்லை என்று காட்டுவதற்காகத் தன் கப்பலின் பின்னால் கேமராவைக் கட்டி இழுத்துப் போனார். பள்ளத்தாக்கு இருந்தது. அந்தப் படத்தை 1959இல் நியூயார்க்கில் நடந்த கடலியல் மாநாட்டில் அவரே போட்டுக் காட்டினார்.

[காட்சி: கடற்கரை. அலை உயரமாகச் சுருண்டு வரும் சினிமாக் காட்சி. பிறகு, மட்டம் உயர்ந்தபடியே உள்ளே வரும் பழுப்புத் தண்ணீர்.]

சுனாமி. சினிமாவில் அடுக்குமாடி உயரத்துக்குச் சுருண்டு நிற்கும் நீலச் சுவர். 2004 டிசம்பரில் சாதாரண மக்கள் கையில் இருந்த கேமராக்கள் காட்டியது வேறு. கடல் மட்டமே உயர்ந்து, நிற்காமல் உள்ளே வந்துகொண்டே இருந்தது, மரமும் வண்டியும் கலந்த அழுக்குத் தண்ணீராக. சினிமா அலையை எதிர்பார்த்து நிற்பவருக்கு அது முதலில் ஆபத்தாகவே தெரியாது. சில இடங்களில் கடல் முதலில் உள்வாங்கியது, என்னவென்று பார்க்கப் போனவர்கள் திரும்பவில்லை. உள்வாங்காமலேயும் சுனாமி வரும், முதல் அலைக்குப் பின்னால் வருவது அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் சொல்லாத சுனாமி வீடியோ அரைகுறை வீடியோ.

இந்தோனேசியாவின் சிமலூ தீவு, 2004 சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கே சுமார் 78,000 பேர் வாழ்ந்தார்கள், அலையில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்திருந்தது. அதைப் பாட்டாகவும் கதையாகவும் குழந்தைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்: பலமாக நிலம் ஆடினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. என்ன பார்ப்பாய், என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கிட்டத்தட்ட நூறு வருடம் தாங்கியது. அதனால்தான் ஆபத்தைப் பற்றிய எந்த ஸ்கிரிப்ட் எழுதினாலும் இந்த இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

[காட்சி: செய்திச் சேனல் பேட்டி அறை. காலி நாற்காலி, மைக்.]

கடைசியாக, பேட்டி. இத்தாலியின் லாக்விலா நகரில் 2009இன் தொடக்க மாதங்களில் சிறுசிறு அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. மார்ச் 31 அன்று நிபுணர் குழு கூடியது. கூடுவதற்கு முன் எடுத்த தொலைக்காட்சிப் பேட்டியில் ஓர் அதிகாரி, சின்ன அதிர்வுகள் சக்தியை வெளியேற்றிக்கொண்டிருக்கின்றன, அதனால் நிலைமை சாதகம் என்ற பொருளில் பேசினார். அது அறிவியல்படி சரியில்லை. அளவு ஒன்று கூடினால் வெளியாகும் சக்தி சுமார் 32 மடங்கு. 3 அளவுள்ள அதிர்வு சில நூறு வந்தாலும் ஒரு 6க்கு ஈடாகாது, ஏறத்தாழ 32,000 வர வேண்டும். ஏப்ரல் 6 அதிகாலை 6.3 அளவில் வந்தது, 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பழைய பழக்கப்படி, அதிர்வு வந்தால் வெளியே போய்ப் படுக்கும் சில குடும்பங்கள், ஆறுதல் வார்த்தையை நம்பி அன்று வீட்டிலேயே இருந்துவிட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். அந்த அதிகாரியும் கூட்டத்தில் இருந்த ஆறு விஞ்ஞானிகளுமாக ஏழு பேருக்கு 2012இல் சிறைத்தண்டனை, 2014இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலை, அந்த அதிகாரியின் தண்டனை மட்டும் குறைக்கப்பட்டு நிலைத்தது.

நிலநடுக்கத்தை நாள் குறித்துச் சொல்ல இன்றும் யாராலும் முடியாது. ஆனால் பேட்டி எடுப்பவர் கேட்பதோ "வருமா, வராதா?" என்று ஒரே வார்த்தைப் பதில். விஞ்ஞானி அதற்கு இழுபடக் கூடாது. "வராது என்று என்னால் சொல்ல முடியாது, உங்கள் வீடு பழைய கல் கட்டடம் என்றால் இன்று இரவு எங்கே படுப்பது என்று யோசியுங்கள், ஆட ஆரம்பித்தால் ஜன்னல் பக்கம் போகாமல் மேசைக்கு அடியில் போய்த் தலையை மறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல இருபது வினாடி போதும். எடிட்டிங்கில் அந்த இருபது வினாடியை வெட்டாமல் வைப்பது நம் வேலை. ஒளிபரப்பும்போது பேட்டி எடுத்த தேதியையும் நேரத்தையும் திரையில் போடுங்கள். நிலநடுக்கம் வந்த முதல் மணி நேரத்தில் வேறு ஊர், வேறு வருடப் பதிவுகள்தான் அதிகம் சுற்றும், அவற்றுக்கு நடுவே தேதி போட்ட ஒரு கிளிப்பை மக்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம்.