ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு! மாத்தூர் தொட்டிப்பாலம் ஏன் இப்படி இருக்கிறது?

வணக்கம் மக்களே! கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற இந்தப் பாலத்துக்குக் கீழே பறளியாறு ஓடுகிறது, அதற்கு மேலே ஆகாயத்தில், தூண்கள் தாங்கும் நீளமான தொட்டியில் வேறொரு தண்ணீர் ஓடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

வரலாறு ஒரே மூச்சில்: 1966, காமராஜர் காலத்துத் திட்டம், 28 தூண்கள், உயரமான தூண் 115 அடி, மேலே போவது பட்டணங்கால் சானல். நம்ம ஊரில் சானல் என்றால் வாய்க்கால், யூடியூப் இல்லை. (இருந்தாலும் சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க.)

சரி, இந்த மலைத் தண்ணீர் அந்த மலைக்குப் போகணும், நடுவில் பள்ளம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மோட்டார் வைக்கலாம், கரண்ட் பில்லை யார் கட்டுவது? கொத்தனாரிடம் கேட்டால் சட்டென்று வழி சொல்லுவார்: மட்டம் பார்க்க ஒரு டியூபில் தண்ணீர் ஊற்றிப் பிடிப்பாரே, நடுவில் டியூப் எவ்வளவு தொங்கினாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்குமே, அதையே பெரிய குழாயாக ஆற்றுக்கு அடியில் போட்டு, அந்தப் பக்க வாயைக் கொஞ்சம் தாழ்வாக வைத்தால் தண்ணீர் தானே ஏறிப் போய்விடும். எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இதுதான். ஆனால் மண்வெட்டி பிடிக்கிறவர் இடத்தில் நின்று பாருங்கள். சேறும் மணலும் போய் உட்காருவது அந்தக் குழாயின் அடிவயிற்றில். 100 அடி ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம் வேறு. அங்கே இறங்கி யார் தூர்வாருவது?

இங்கே மாதிரி தூண்கள் மேலே தொட்டியில் கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் எடை இருக்கிறது. தொட்டி 7 அடி உயரம், ஏழரை அடி அகலம். முழுசாக நிரம்பினால் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை டன் தண்ணீர்! அடிக்கு ஒரு காரை நிறுத்தி வைத்த மாதிரி. தூண்கள் ஏன் அவ்வளவு பருமன் என்று இப்போது புரிகிறதா?

விவசாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், கடைமடைக்குத் தண்ணீர் வருமா, அவ்வளவுதான். நமக்கோ அது செல்ஃபி எடுக்கிற இடம். தொட்டிக்கு மேலே ஸ்லாப் போட்டதால்தான் நடக்கவே முடிகிறது. முழுக்க மூடாமல் விட்டிருக்கிறார்கள், அந்த இடைவெளியில் குனிந்தால் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுவது தெரியும். போனை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் மக்களே, விழுந்தால் அது நேரே பாசனத்துக்குப் போய்விடும்.