கையில் அறுந்த நரம்புக்கு மூளையில் எதற்கு மின்சாரம்?

[திரையில்: மணிக்கட்டில் அறுந்த நரம்பின் இரு முனைகள்]

மணிக்கட்டில் ஆழமான வெட்டு. நரம்பு அறுந்துவிட்டது. அறுவை மருத்துவர் நுண்ணோக்கி வழியே பார்த்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார். உடனே விரல் அசையுமா? அசையாது. தையலுக்கு அப்பால் விரல் பக்கம் இருக்கும் நரம்பு இழைகள் சில நாட்களிலேயே சிதையத் தொடங்கிவிடும். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளைகளில் கண்டு சொன்னது இது. மிஞ்சி நிற்பது, நரம்பு இழையைச் சுற்றி நின்று தாங்கும் ஷ்வான் செல்கள் வரிசைகட்டிய வெற்றுப் பாதை மட்டும். அதற்குள் புது இழை வளர்ந்து போக வேண்டும், நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்.

தோளருகே அறுந்திருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் தூரம் என்றால் 600 நாட்கள்! அதுவரை தசை தாங்காது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நரம்பில்லாமல் கிடந்த தசை மெலிந்துபோய், அப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் சரியாக வேலை செய்வதில்லை.

[திரையில்: கையிலிருந்து தண்டுவடம் வரை ஏறும் ஒற்றைக் கோடு]

அறுந்தது கையில்தான். ஆனால் அந்த இழையை வளர்க்கிற செல் கையில் இல்லை. தசையை இயக்கும் நரம்பின் செல் தண்டுவடத்துக்குள் இருக்கிறது. தொடுவுணர்வு நரம்பின் செல், தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சில் இருக்கிறது. வளர்ச்சிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி அங்கேதான் தயாராகிறது.

2000ஆம் ஆண்டில் டெஸ்ஸா கோர்டன் குழுவினர் ஓர் எலி ஆய்வை வெளியிட்டார்கள். தொடை நரம்பைத் தைத்த கையோடு, நொடிக்கு 20 துடிப்பு வீதம் ஒரு மணி நேரம் மின்சாரம் கொடுத்தார்கள். வழக்கமாக 8 முதல் 10 வாரம் பிடிக்கும் மறுவளர்ச்சி 3 வாரத்தில் முடிந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த சோதனை. டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சைக் கொண்டு, துடிப்பு மேலேறிச் செல்லை எட்டாதபடி தடுத்தார்கள். பலன் போயே போய்விட்டது. அதாவது, மின்சாரம் காயத்தை ஆற்றவில்லை. தூரத்தில் இருக்கும் செல்லைத்தான் முடுக்கிவிடுகிறது. இழை வளரும் வேகமும் பெரிதாகக் கூடுவதில்லை. தையலைத் தாண்டத் தயங்கி நிற்கும் இழைகள் சீக்கிரமே தாண்டிவிடுகின்றன, அவ்வளவுதான்.

[திரையில்: மூளையின் இயக்கப் பகுதி ஒளிர்கிறது]

சரி, தூண்ட வேண்டியது செல்லைத்தான் என்றால், மேலிருந்தே தூண்டலாமே? மூளையின் இயக்கப் பகுதியிலிருந்து இறங்கும் பாதைகள் அதே தண்டுவடச் செல்களைத்தானே போய்ச் சேர்கின்றன! காயத்தைத் தொடாமல், அறுவைக்குப் பிறகும் பல நாள் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்பது இதிலுள்ள கவர்ச்சி. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. உணர்வு நரம்பின் செல்களுக்கு மூளையிலிருந்து நேரடிக் கட்டளை போவதில்லை.

மூளையைத் தூண்டிப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் வலுவானதாகத் தெரிகிறது. 1983இல் மைக்கேல் மெர்செனிக்கும் சக ஆய்வாளர்களும் குரங்கின் கையில் ஒரு நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். மூளையில் அந்த நரம்புக்கு உரிய இடத்தைப் பக்கத்துப் பகுதிகள் பிடித்துக்கொண்டன. நரம்பு திரும்பி வந்தாலும், பல இழைகள் தவறான தசைக்கோ தோலுக்கோ போய்விடும். மூளை எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். 2019இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், பயிற்சியின்போது கழுத்து வழியே மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் வேகஸ் நரம்பைத் தூண்டினார்கள். முன்னங்காலின் பயன்பாடு மேம்பட்டது. நரம்பிலோ தசையிலோ மாற்றம் எதுவும் தென்படவில்லை. மாறியது மூளையின் இணைப்புகள்.

மனிதர்களுக்கு? நரம்பின் மீதே ஒரு மணி நேரம் மின்சாரம் கொடுக்கும் முறை, 2010இல் வெளியான கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கோளாறு) அறுவை ஆய்வில் பலன் தந்தது. மூளையைத் தூண்டி நரம்பை வளர்ப்பது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஆகவே தலையில் மாட்டும் மின்கருவியை வாங்கி வீட்டில் முயலாதீர்கள். மருத்துவமனைகளில் தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் கொடுக்கும்போதுகூட, வலிப்பு உண்டா, தலைக்குள் உலோகம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுத்தான் தொடங்குவார்கள்.